படம் ஆரம்பித்தாகி விட்டதா?

உங்களிடம் ஒரு கேள்வி. வெட்கப்படாமல் உண்மையைச் சொல்ல வேண்டும். குடும்பத்தோடு சினிமாவுக்குக் கிளம்பிப் போய், படத்தின் முதல் காட்சியை முழுமையாகப் பார்த்தது கடைசியாக எப்போது?

நினைவுக்கு வரவில்லை அல்லவா? வராது. அடுப்பை அணைத்தோமா என்று இரண்டு தரம் பார்த்து, பாலுக்கு உறை ஊற்றி, பூனை வராமல் மூடி, மாமியாருக்கு மாத்திரையை எடுத்து வைத்து, கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை போனதும் 'கொல்லைக் கதவு?' என்று சந்தேகம் வந்து, ஒருவரைத் திருப்பி அனுப்பி... இத்தனைக்கும் பிறகு கொட்டகைக்குள் நுழையும்போது ஒரே இருட்டு. யாரோ ஒருவர் காலை மிதித்துக் கொண்டே, "படம் ஆரம்பித்தாகி விட்டதா?" என்று கேட்கிறோம். "இப்பத்தான், அஞ்சு நிமிஷம் ஆச்சு" என்று பதில் வருகிறது. 'நல்ல வேளை, ஒன்றும் போய்விடவில்லை' என்று நிம்மதியாக உட்காருகிறோம்.

அந்த ஐந்து நிமிஷத்தில் என்ன போய்விட்டது என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். இந்தப் பாடத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவை விழுப்புரம் ஜங்ஷனும், திண்டிவனத்தில் இருக்கும் என் அத்தைப்பாட்டியும்.

போன மாதம் அத்தைப்பாட்டியைப் பார்க்கலாமென்று எழும்பூரில் ரயில் ஏறினேன். ஏறிய பிறகுதான் தெரிந்தது, அந்த வண்டி திண்டிவனத்தில் நிற்காது என்று. (பத்திரிகையில் வேலை பார்க்கிறவளுக்கு டைம்-டேபிள் பார்க்கத் தெரியாதா என்று கேட்காதீர்கள். ஊருக்கெல்லாம் யோசனை எழுதுகிறவர்கள் தங்கள் டிக்கெட்டை வாசிப்பதில்லை.) திண்டிவனம் ஸ்டேஷன் விளக்குகள் ஜன்னல் ஓரமாக ஓடி மறைவதைப் பரிதாபமாகப் பார்த்துக் கொண்டே போய், நடுராத்திரி தாண்டி விழுப்புரத்தில் இறங்கினேன். திரும்பிப் போக விடியும் வரை காத்திருக்க வேண்டும்.

விழுப்புரம் லேசுப்பட்ட ஸ்டேஷன் இல்லை. சென்னையிலிருந்து தெற்கே போகும் பாதை இங்கே வந்துதான் கிளை பிரிகிறது. விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு ஒன்று, கடலூர் மயிலாடுதுறை வழியாக ஒன்று, புதுச்சேரிக்கு ஒன்று, திருவண்ணாமலை வேலூர் வழியாகக் காட்பாடிக்கு ஒன்று. நாலு திசையிலும் வண்டி வந்து போகும் இடத்துக்குத் தூக்கம் ஏது?

பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். எனக்கும் தூக்கம் வரவில்லை, சத்தந்தான் வந்தது. எங்கேயோ ஒரு கூட்ஸ் வண்டி புறப்பட்டது. பெட்டிக்குப் பெட்டி இரும்பு இழுபடும் சத்தம் தூரத்தில் ஆரம்பித்து, என்னைத் தாண்டி, அந்தப் பக்கம் போய் ஓய்ந்தது. குழாயில் தண்ணீர் சொட்டியது. ஒரு குழந்தை சிணுங்கி, யாரோ தட்டிக் கொடுக்க, அடங்கியது. ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் மூன்று பாஷைகளில் ஒரே வண்டியின் தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்தது. பிறகு எல்லாம் நின்று போயிற்று. அந்த நிசப்தத்தில் ஒரு ஜோடிச் செருப்பு மட்டும் 'சரக், சரக்' என்று என் பக்கமாக வந்தது. வந்து கொண்டே இருந்தது. எனக்கு எதிரே நின்றது.

கண்ணைத் திறக்கத் தைரியம் இல்லை. கைப்பையை இறுகப் பிடித்துக் கொண்டு ஒரு வழியாகத் திறந்தேன். தலைக்கு மப்ளர் சுற்றிய ஒரு பெரியவர். "ஏம்மா, பொம்பளைங்க வெயிட்டிங் ரூம் அந்தப் பக்கம் இருக்குதே, இங்க ஏன் பனியில உக்காந்திருக்கே?" என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் போனார்.

அந்தப் பெரியவர் தூரத்திலிருந்து வருவதைக் கண்ணால் பார்த்திருந்தால் எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. காதுதான் முதலில் அவரை எனக்குக் காட்டியது. காது காட்டும் ஆளுக்கு முகம் கிடையாது. முகத்தை நாமே வரைந்து கொள்ள வேண்டும். நாம் வரையும் முகம் எப்போதுமே கொஞ்சம் பயங்கரமாகத்தான் இருக்கும்!

நல்ல சினிமாக்காரர்களுக்கு இந்த ரகசியம் தெரியும். படத்தின் முதல் நிமிஷங்களில் அவர்கள் காதுக்கு அள்ளிக் கொடுப்பார்கள். கண்ணுக்குக் கிள்ளிக் கொடுப்பார்கள்.

செர்ஜியோ லியோனே என்ற இத்தாலிய டைரக்டர் 1968-ல் எடுத்த 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்' என்ற படம் அசல் ஒரு ஸ்டேஷனில்தான் ஆரம்பிக்கிறது. மூன்று முரடர்கள் ஒரு ரயிலுக்காகக் காத்திருக்கிறார்கள். பத்து நிமிஷத்துக்கும் மேலாகக் காத்திருக்கிறார்கள். பேச்சு இல்லை, சங்கீதம் இல்லை. எண்ணெய் போடாத காற்றாடி ஒன்று கிரீச்சிடுகிறது. ஒருவன் தொப்பியில் மேலேயிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஒருவன் விரல்களை நெட்டி முறிக்கிறான். இன்னொருவன் முகத்தில் ஓர் ஈ உட்கார்ந்து தொந்தரவு செய்கிறது. காமிரா அந்த முகங்களுக்கு அருகில் போய், தோலில் உள்ள குழிகள் தெரியும்படி நிற்கிறது. ரயில் வருகிறது, யாரும் இறங்கவில்லை, ரயில் போகிறது. அவர்கள் திரும்பி நடக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு மௌத்-ஆர்கன் ஒலிக்கிறது. அந்தச் சத்தம் வந்த பிறகுதான், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஆளை நமக்குக் காட்டுகிறார்கள். இத்தனைக்கும் அந்தப் படத்துக்கு இசை அமைத்தவர் என்னியோ மோரிகோன். அவ்வளவு பெரிய சங்கீதக்காரரைக் கையில் வைத்துக் கொண்டு காற்றாடியைக் கிரீச்சிட விட்டிருக்கிறார் லியோனே!

நம் ஊரிலும் ஸ்டேஷனில் ஆரம்பிக்கும் படம் உண்டு. பாரதிராஜாவின் '16 வயதினிலே' (1977) நினைவிருக்கிறதா? மயில் ரயில்வே ஸ்டேஷனில் யாருக்காகவோ காத்துக் கொண்டு நிற்கிறாள். அதற்குப் பிறகுதான் கதை பின்னோக்கிப் போகிறது. அவள் காத்திருப்பதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தவர்களுக்கு, பிறகு வரும் சிரிப்பும் விளையாட்டும்கூடத் தொண்டையில் ஏதோ அடைத்துக் கொண்டாற்போலத்தான் இருக்கும். பத்து நிமிஷம் கழித்து வந்தவர்களுக்கு அது ஒரு கிராமத்துப் பெண்ணின் கதை, அவ்வளவுதான். டிக்கெட் விலை என்னவோ இருவருக்கும் ஒன்றே.

சினிமா பிறந்த காலத்தில் ரயிலுக்குச் சத்தம் கிடையாது. 1896-ல் பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் ரயில் ஸ்டேஷனுக்குள் வருவதைத் திரையில் காட்டினார்கள். இஞ்சின் ஊமையாகத்தான் வந்தது. தமிழ் பேசியதோ 1931-ல், 'காளிதாஸ்' படத்தில். ஆனால் சத்தம் ஒட்டிக் கொண்டதும் ஒரு வேடிக்கை நடந்தது. ஃபிலிம் சுருளில் படங்களின் பக்கத்திலேயே ஓரமாக ஒலியையும் அச்சடித்தார்கள் அல்லவா? ஒரு படமும் அதற்குரிய ஒலியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. சுமார் 20 கட்டங்கள் முன்னால் இருக்கும் ஒலி! விளக்குக்கு முன்னால் ஃபிலிம் ஒவ்வொரு கட்டமாக நின்று நின்று நகர வேண்டும்; ஒலியைப் படிக்கும் இடத்திலோ நிற்காமல் ஓட வேண்டும். ஒரே இடத்தில் இரண்டும் நடக்காது. அதனால் ஒலி படிக்கும் இடத்தைத் தள்ளி வைத்து, ஒலியையும் அதற்கேற்ப முன்னால் அச்சடித்தார்கள். விநாடிக்கு 24 கட்டம் என்றால், 20 கட்டம் ஒரு விநாடிக்கும் கொஞ்சம் குறைவு. திரையில் இரண்டும் ஒன்றாகத்தான் வரும். ஆனால் சுருளைக் கையில் எடுத்துப் பார்த்தால், சத்தம் முன்னே போகிறது, படம் பின்னே வருகிறது. இப்போது பெரும்பாலும் டிஜிட்டல் வந்துவிட்டதால் இந்தத் தமாஷைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாது.

நமக்கு இதெல்லாம் புதிசா என்ன? வீட்டில் நடப்பதும் இதுதானே! கேட்டின் கொக்கி விழும் சத்தத்திலேயே வந்திருப்பது யார் என்று தெரிகிறது. செருப்பைக் கழற்றும் விதத்திலேயே ஆபீஸில் என்ன நடந்தது என்பது தெரிகிறது. அடுக்களையில் பாத்திரம் விழுந்தது தானாக விழுந்ததா, போடப்பட்டதா என்பதைக் கூடத்தில் இருந்தபடியே சொல்லிவிடலாம்!

விடிந்ததும் பாசஞ்சர் வண்டியில் திண்டிவனம் வந்து சேர்ந்தேன். திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு, என்பதுதான் திண்டிவனம் ஆயிற்று என்று சொல்வார்கள். ராத்திரியில் புளியமரத்தின் அடியில் நடக்கத் தயங்குகிறவர்கள் மரத்தைப் பார்த்துப் பயப்படுவதில்லை. இலை சலசலப்பைக் கேட்டுத்தான் பயப்படுகிறார்கள்.

"ராத்திரி பூரா விழுப்புரத்துல உக்காந்திருந்தியா? காலேஜு படிச்ச பொண்ணு செய்யற வேலையா இது?" என்று அத்தைப்பாட்டி வரவேற்றாள். எண்பது வயது தாண்டிவிட்டது. கண்ணுக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறது. காது மட்டும் அப்படியே இருக்கிறது. காப்பி குடித்துக் கொண்டே ஜங்ஷன் அனுபவத்தைச் சொன்னேன். சினிமாவின் ஆரம்பத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போகிறேன் என்றும் சொன்னேன். அத்தைப்பாட்டி சிரித்தாள்.

"ஆரம்பமா? நான் எந்தப் படத்துக்குக் கண்ணு ஆரம்பம் பாத்தேன்? எல்லாப் படத்து ஆரம்பமும் எனக்குக் காதுலதான் தெரியும்."

எப்படி என்று கேட்டேன்.

1960-களின் தொடக்கத்தில் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். வீட்டில் பதினோரு பேர். கொஞ்ச தூரத்தில் ஏரிப் பக்கமாக ஒரு டூரிங் கொட்டகை. கீற்றுக் கூரை, கீற்றுத் தட்டி, உட்கார மணல்; ஒரே மிஷின் என்பதால் ரீல் மாற்ற மாற்ற மூன்று நாலு இடைவேளை. சாயந்திரம் ஆனால் கூம்பு ஸ்பீக்கரில் சாமி பாட்டுப் போடுவார்கள். பாட்டு நின்றால் படம் ஆரம்பம். ஆண்கள் சாப்பிட்டுவிட்டு முன்னால் போய்விடுவார்கள். பெண்கள் மிச்சத்தைச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, அடுப்பை மெழுகிவிட்டுப் போய்ச் சேரும்போது முதல் இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னே இருக்கும். அதுவும் வாரத்தில் ஒரு நாள்தான். மற்ற நாட்களில், கீற்றுத் தட்டியைத் தாண்டி வரும் சத்தம் முழுதும் அடுக்களையில் இலவசம்!

"ஒரு வாரம் 'அந்த நாள்' போட்டான். பழைய படந்தான்; எங்க கொட்டாய்க்குப் புதுப்படம் எப்ப வந்துது? மொத நாளு, ஸ்பீக்கர் பாட்டு நின்னுது. நான் ரசத்தை எறக்கிக்கிட்டிருந்தேன். 'டுமீல்'னு ஒரு சத்தம்! பாதி ரசம் தரையில. எங்க மாமியாரு திட்டின திட்டு இன்னும் காதுல இருக்குது. அப்பறம் பாத்தா வெறும் பேச்சு. பாட்டு வரும் வரும்னு பாக்கறேன், வரவே இல்ல. மிஷினு ரிப்பேருன்னு நெனச்சுக்கிட்டேன். மறுநாளும் டுமீலு. மறுநாளும் பாட்டு இல்ல!"

உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்: 1954-ல் ஏவி.எம். நிறுவனம் தயாரித்த 'அந்த நாள்' படத்தில் பாட்டே கிடையாது. நாட்டியம் கிடையாது, சண்டை கிடையாது. இதை டைரக்ட் செய்த எஸ். பாலசந்தருக்கு அப்போது வயது 27. அவர் யார்? வீணை வித்வான்! சங்கீதத்தையே ஜீவனாகக் கொண்டவர் பாட்டில்லாத படம் எடுத்தார் என்பதை நான் எப்போதும் வியப்போடு நினைப்பேன். சங்கீதம் தெரிந்தவருக்குத்தானே எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரியும்? ஜாவர் சீதாராமன் வசனம் எழுதி, துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தார். 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்ட சமயத்தில் நடக்கும் கதை. கதாநாயகன் ராஜன் ஒரு ரேடியோ எஞ்சினீயர். அந்த வேஷத்தில் சிவாஜி கணேசன். 'பராசக்தி' வெளிவந்து இரண்டே வருஷம். அவர் குரலைக் கேட்க ஜனங்கள் அலைமோதிக் கொண்டிருந்த நேரம். அப்பேர்ப்பட்டவரைப் படம் ஆரம்பித்ததும் சுட்டு வீழ்த்திவிடுகிறார்கள்! வெடி கேட்கிறது, ராஜன் விழுகிறான், சுட்டது யார் என்பதை மட்டும் காமிரா காட்ட மறுக்கிறது. மிச்சப் படம் முழுவதும் அந்த ஒரு சத்தத்துக்குப் பதில் தேடுவதுதான். ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த ராஜனைச் சொல்லுகிறார்கள். செத்தவன் உயிரோடு வந்து வந்து போகிறான்.

"நாலாம் நாளு உங்க தாத்தா கூட்டிக்கிட்டுப் போனாரு" என்று தொடர்ந்தாள் அத்தைப்பாட்டி. "நாங்க போறப்ப போலீசு விசாரணை நடக்குது. சிவாஜி நல்லா கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு நடக்கறாரு, பேசறாரு. நம்ம விழுப்புரத்துல பொறந்த புள்ள, எவ்வளவு அழகுன்னு பாத்துக்கிட்டிருக்கேன். ஆனா எல்லாரும் அவரு செத்துட்டாரு, செத்துட்டாருங்கறாங்க! தடுப்புக்கு அந்தப் பக்கம் தாத்தா உக்காந்திருந்தாரு. 'எப்பங்க செத்தாரு?'ன்னு கேட்டேன். 'அதெல்லாம் முன்னாடியே ஆயிடுச்சு. சும்மா பாரு'ன்னாரு. கடைசியில எல்லாம் வெளங்குச்சு, வெளங்காம இல்ல. ஆனா நடுவுல பூரா, பயப்படணும்னு தெரியுது கண்ணு, எதுக்குப் பயப்படணும்னு தெரியல."

நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். ஆரம்பக் காட்சி எதற்கு என்று சினிமாப் புத்தகங்களில் எத்தனையோ பக்கம் படித்திருக்கிறேன். ரசத்தைக் கொட்டிக் கொண்டவளுக்கு அது எல்லாரையும்விடத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அறுபது வருஷமாகத் தெரிந்திருந்தது, யாரும் கேட்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அத்தைப்பாட்டியின் பேரனைப் பிடித்தேன். அவன் ஏதேதோ செய்து 'அந்த நாள்' படத்தை டி.வி.யில் வரவழைத்தான். வந்ததும் அவன் விரல் தானாகவே வேகமாக ஓட்டும் பொத்தானுக்குப் போயிற்று. இந்தக் காலத்துத் தொடர்களில் ஆரம்பத்தைத் தாண்டிக் குதிப்பதற்கென்றே ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்களே, அந்தப் பழக்கம்! "டேய், கைய எடு!" என்று அத்தைப்பாட்டி போட்ட சத்தத்தில் பையன் ரிமோட்டை என்னிடமே கொடுத்துவிட்டான்.

படம் ஆரம்பித்தது. வெடி வெடித்தது. ராஜன் விழுந்தான். நான் நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றந்தான். "ஏன் பாட்டி, நன்றாக இல்லையா?"

"நல்லாத்தான் இருக்குது. நான் வேற மாதிரி இல்ல நெனச்சிருந்தேன்! ஒரு பெரிய வீடு. மாடிப்படி. படிக்குக் கீழ ஒரு அரிக்கேன் வெளக்கு. காத்துல அது ஆடுது. செவுத்துல நெழலும் ஆடுது. கதவு இடுக்குல ஒரு காலு மட்டும் தெரியுது. அப்பறந்தான் டுமீலு."

இதைக் கேட்டால் எந்தக் காமிராக்காரரும் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். விளக்கைத் தாழ்வாக வை, நிழலைப் பெரிதாக்கு, ஆளைக் காட்டாதே, காலைக் காட்டு. மின்சாரம் போன ராத்திரியில் மெழுகுவத்தியை முகவாய்க்குக் கீழே பிடித்துத் தம்பி தங்கைகளைப் பயமுறுத்தியது உண்டா? அதே வித்தைதான். தினம் பார்த்த முகம். வெளிச்சம் வரும் திசை மாறியதும் அந்நியமாகி விடுகிறது. 'அந்த நாள்' படத்தின் காமிராக்காரர் மாருதி ராவ். அவருடைய இருட்டும் வெளிச்சமும் பெரிய பெயர் வாங்கின. 1954-ம் வருஷத்துப் படங்களுக்கான தேசிய விருதுகளில் இந்தப் படத்துக்குத் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. மாருதி ராவ் ஒருவிதமாகப் படம் பிடித்தார். திண்டிவனத்து அடுக்களையில் ஒருத்தி வேறுவிதமாகப் பிடித்து வைத்திருந்தாள். எது மேல் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஜப்பானிய டைரக்டர் அகிரா குரோசாவாவின் 'ராஷோமான்' (1950) படத்தையும் சேர்த்துப் பேசுவது வழக்கம். அதன் ஆரம்பத்தில் கொட்டும் மழை. இடிந்த கோபுர வாசலில் சிலர் ஒதுங்கி நிற்கிறார்கள். காதை அடைக்கிற மழை. ஆனால் சாம்பல் நிற வானத்துக்கு எதிரில் மழைத் தாரை காமிராவுக்குத் தெரியவில்லையாம். என்ன செய்தார்கள் தெரியுமா? தண்ணீரில் கறுப்பு மையைக் கலந்து பொழிய விட்டார்கள்! கண்ணை நம்ப வைக்கத்தான் இத்தனை பாடு. காதை நம்ப வைப்பது சுலபம். இரண்டு கொட்டாங்கச்சியைத் தட்டினால் குதிரை வந்துவிடும்.

"நெழலு, காலு, இதெல்லாம் உங்களுக்கு எப்படிப் பாட்டி தோன்றியது?" என்று கேட்டேன்.

"கூத்து பாக்கலியா நீ?" என்று திருப்பிக் கேட்டாள்.

அட, ஆமாம்! விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரம் தெருக்கூத்தின் தாய்வீடு அல்லவா? திரௌபதி அம்மன் கோயில் விழா என்றால் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடிய விடியக் கூத்து நடக்கும். மிருதங்கமும் முகவீணையும் ஆர்மோனியமும் முதலில் களத்தைச் சூடேற்றும். கட்டியக்காரன் வந்து சிரிக்க வைப்பான். பிறகு இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக் கொண்டு வருவார்கள். துரியோதனனோ கர்ணனோ அதற்குப் பின்னால் நிற்பான். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரியும், கீழே சலங்கை கட்டிய கால் தெரியும், முகம் தெரியாது. உள்ளேயிருந்து குரல் மட்டும் பாடும். குரல் ஏற ஏற, சலங்கை அதிர அதிர, மடியில் தூங்கும் குழந்தைகள்கூட எழுந்து உட்காரும். 'எப்போது, எப்போது' என்று ஊரே காத்துக் கிடக்கும்போது திரை விலகும். காமிராவின் அளவுச் சட்டம் என்று நாம் பெரிதாகப் பேசுகிறோமே, அது இரண்டு பேர் பிடித்த நாலு முழத் துணியில் இருந்திருக்கிறது. தீவட்டி போய்ப் பெட்ரோமாக்ஸ் வந்தது, அதுவும் போய் டியூப்லைட் வந்தது. அந்தத் துணி மட்டும் போகவில்லை.

இன்றைய படங்களில் இந்த நிதானம் அபூர்வம். கதாநாயகன் வருவதற்கு முன்பே நூறு மேளம் அடித்து, காதின் வேலையைப் பிடுங்கிக் கொண்டு விடுகிறார்கள். அடியோடு இல்லை என்று சொன்னால் பாவம். மிஷ்கினின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' (2013) படத்திலும் பாட்டு இல்லை. ராத்திரிச் சென்னையில் குண்டடிபட்ட ஒருவன் தள்ளாடி விழுவதில் ஆரம்பிக்கிறது. இளையராஜா அதற்குத் தந்ததைப் பின்னணி இசை என்று போடாமல் 'முன்னணி இசை' என்றே டைட்டிலில் போட்டார்கள். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'யில் (2024) அந்த இசையும் இல்லை. சேவலும் காற்றும் வண்டிச் சத்தமுந்தான் சங்கீதம். அந்த மாதிரிப் படங்களுக்குப் பின்கதவுச் சந்தேகத்தையெல்லாம் தீர்த்துக் கொண்டு நேரத்தோடு போய்விடுங்கள்.

இதையெல்லாம் நான் குறிப்பு எடுத்துக் கொண்டிருக்கும்போது அத்தைப்பாட்டி எழுந்தாள். மெல்ல நடந்து அடுக்களைக்குப் போனாள். அடுப்புக்குப் பக்கத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக் கொண்டு நின்றாள்.

"இப்பப் போடு" என்றாள்.

முதலிலிருந்து போட்டேன். வெடி வெடித்தது. அவள் தோள் இலேசாகத் தூக்கிப் போட்டது.

"இதேதான்" என்றாள். "இந்தச் சத்தந்தான்."

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு முந்தானையால் கையைத் துடைத்துக் கொண்டு வெளியே வந்து, "சாயங்காலம் என்னைக் கொட்டாய்க்குக் கூட்டிக்கிட்டுப் போ" என்றாள். என்ன படம் என்று கேட்கவில்லை. மருமகள், "ராத்திரிச் சமையல்?" என்று ஆரம்பித்தாள். "ஓட்டல்ல பரோட்டா வாங்கிக்குங்க" என்று பதில் வந்தது. வீடே திகைத்துவிட்டது.

ஆறரை மணி ஆட்டத்துக்கு நாலு மணிக்கே பட்டுப் புடைவை கட்டிக் கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தியேட்டரில் இன்னும் பெருக்கிக் கொண்டிருந்தார்கள். கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போய் நடுவில் உட்கார்ந்தாள். விளக்கு அணைந்தது. ஒரு நகைக்கடை விளம்பரம் வந்தது. ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் வந்தது. பிறகு, புகை பிடித்தால் என்ன ஆகும் என்று சர்க்கார் காட்டும் அந்தப் பயங்கரமான துண்டுப் படம் வந்தது. நான் குனிந்து அவள் காதில், "பாட்டி, இது இன்னும்..." என்று ஆரம்பித்தேன்.

"உஷ்!" என்றாள் அத்தைப்பாட்டி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பேசாதே. படம் ஆரம்பிச்சாச்சு."